மாயாவிக்கு யார் கையொப்பமிடுவது?

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த ஒருவர் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கையொப்பம் வாங்க ஆசைப்பட்டால், அதை யாரிடம் நீட்டுவது? எழுதியவரிடம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் எழுதியவர் யார் என்று புத்தகத்தில் இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக அது வெளிவந்தபோது விடுபட்டுப்போன பெயர்கள் அல்ல அவை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு லண்டனில் மூலக்கதை அச்சேறியபோதே அவை இல்லை.

அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போய், நாள் முழுக்க வரிசையில் நின்று, கையொப்பங்களைச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புவது மேலைநாட்டு ரசிகர்களின் நெடுநாள் பழக்கம். தமிழில் அதற்கு நிகரான ஒன்றைத் தேடினால், ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி நடக்கும் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர் சந்திப்புதான் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே வரிசை உண்டு. பேனாக்கள் உண்டு. நாற்பது வருடத்துப் பழைய இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகத் தூக்கிவரும் ஆட்களும் உண்டு. ஒப்பமிடுபவர் மட்டும் எழுத்தாளருமில்லை, ஓவியருமில்லை. பதிப்பாசிரியர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். சினிமா நடிகரை விட்டுவிட்டு விநியோகஸ்தரிடம் ஆட்டோகிராஃப் கேட்பதா என்று கிண்டல் செய்வதும் சுலபம். தமிழ் அறிவியல் படக்கதை வாசகர்கள் எப்படி உருவானார்கள் என்பதைக் குமரி மாவட்டத்துக் குலசேகரம் போன்ற ஒரு கடைக்கோடி ஊரிலிருந்து பார்த்தால், அந்த வரிசை சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

முதலில் மாயாவியின் பிறப்பு. ‘தி ஸ்டீல் க்ளா’ என்ற தொடர், பிரிட்டனின் ‘வேலியண்ட்’ சிறுவர் வார இதழில், அதன் முதல் இதழிலேயே, 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. லூயிஸ் கிராண்டல் என்பவன் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் பார்வையிலிருந்து மறைகிறது. எஃகுக் கை மட்டும் தெரிகிறது. முதலில் அவன் வங்கிகளைக் கொள்ளையடிக்கக் கிளம்பும் குற்றவாளி. பிற்பாடுதான் உளவுப்படையின் ஆளாகத் திருந்துகிறான். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் புல்மர், அவருக்குப் பின் டாம் டுல்லி. வரைந்தவர் பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. இருட்டும் வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் அவருடைய கறுப்பு-வெள்ளைக் கோடுகள்தான் அந்தக் கதையை இன்றுவரை நிறுத்தியிருக்கின்றன.

இந்தப் பெயர்களை அன்று வேலியண்ட் வாங்கிப் படித்த லண்டன் சிறுவனுக்கும் தெரியாது. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் அதிகச் சம்பளம் காட்டி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பிரிட்டிஷ் பதிப்பகங்கள் அஞ்சின. ஓவியர் மூலையில் சின்னதாகப் போட்டுவைத்த ஒப்பைக்கூட வெள்ளை மை தடவி அழித்த காலம் அது. இந்த வழக்கம் உடைய 1977-இல் ‘2000 ஏடி’ என்ற அறிவியல் புனைகதை வார இதழ் வரவேண்டியிருந்தது. கெவின் ஓநீல் என்ற ஓவியர் அங்கே வேலைபார்த்தபோது, கதையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு எழுதியவர், வரைந்தவர், எழுத்து பொறித்தவர் பெயர்களைச் சேர்த்தார். அந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் படக்கதைக் கலைஞர்களுக்கு முன்னால் ரசிகர் வரிசை நிற்க முடிந்தது. பெயர் அச்சானால்தான் வரிசை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெயரின்றி மாயாவியை எழுதிய கென் புல்மர், அறிவியல் புனைகதை ரசிகர் உலகத்தில் நன்கு அறியப்பட்ட ஆள். இளவயதிலேயே ரசிகர் இதழ்கள் நடத்தியவர், மாநாடுகளுக்குத் தவறாமல் போனவர். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த ரசிகர்கள் வாக்களித்து, தமக்குள் பணம் பிரித்து, தங்களில் ஒருவரை எதிர்க்கரை மாநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிதி ஒன்று உண்டு. அந்த நிதியில் 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அனுப்பப்பட்டவர் புல்மர். அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினர் ஐசக் அசிமோவ். மாநாடு, ரசிகர், கையொப்பம் என்ற அந்த உலகத்தின் உள்ளே நடமாடிய ஒருவர், ஏழாண்டுகள் கழித்து எழுதிய தம் கதையில் தம் பெயரைப் போடமுடியாமல் நின்றிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவர் பலவற்றில் புனைபெயர்களுக்குள் ஒளிந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். டிரே பிரெஸ்காட் வரிசையை எழுதிய ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் அவரேதான். உடல் மறைந்து கை மட்டும் தெரிகிற மனிதனைப் பற்றிய கதையை இவரைவிடப் பொருத்தமாக வேறு யார் எழுதியிருக்க முடியும்?

தற்செயல் இத்தோடு நிற்கவில்லை. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் வெறித்தனமான வாசகர்களைப் பெற்ற ‘ஸ்பைடர்’ கதைகளை டெட் கோவனும் ஓவியர் ரெக் பன்னும் 1965-இல் தொடங்கினார்கள். வெகுசீக்கிரத்தில் எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலிடம் வந்தது. சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து படைத்த அதே சீகல். கிளீவ்லாந்துக்காரர். பள்ளிப் பருவத்தில் அறிவியல் புனைகதைப் பித்துப் பிடித்து, தட்டச்சில் ரசிகர் இதழ் அடித்து விநியோகித்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஆக, தமிழ்ச் சிறுவர்கள் பெயர் தெரியாமல் கொண்டாடிய இரண்டு நாயகர்களின் பின்னாலும் நின்றவர்கள், அந்தத் துறையின் ஆதி ரசிகர்கள்.

அந்த ஆதி ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது கடிதப் பகுதியில். ஹூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு வெளியிட்டார். ஒரே ஊரிலிருந்த இருவர், தங்களைப் போல இன்னொரு கிறுக்கன் பக்கத்துத் தெருவில் இருப்பதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தபால், சங்கம், சந்திப்பு என்று அது வளர்ந்தது. 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பிரம்மஞான சபைக் கூடத்தில், ஏறத்தாழ இருபது பேர் கூடினார்கள். முன்கூட்டியே அறிவித்து நடத்தப்பட்ட முதல் அறிவியல் புனைகதை மாநாடு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். முந்தைய அக்டோபரில் பிலடெல்பியாவில் கூடிய சிலர் தாங்களே முதல் என்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். லீட்ஸில் கூடிய அதே ஜனவரியில் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை ஒட்டிக் காந்தி திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். குலசேகரம் அன்று திருவிதாங்கூர்.

1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் இருநூறு பேர். அதன் சிறப்பு விருந்தினர் எழுத்தாளர் இல்லை, பிராங்க் ஆர். பால் என்ற ஓவியர். அமேசிங் இதழ்களின் அட்டைகளில் விண்கப்பல்களையும் எதிர்கால நகரங்களையும் வரைந்தவர். படைப்பாளிக்கும் ரசிகனுக்கும் இடையே மேடை உயரம் அதிகமில்லை. நேற்றுக் கடிதம் எழுதியவன் இன்று கதை எழுதுகிறான், நாளை வரிசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒப்பமிடுகிறான். அங்கே கையொப்பம் ஒரு கைகுலுக்கல் மாதிரிதான் தொடங்கியது.

இனி குலசேகரத்துக்கு வருவோம். பேச்சிப்பாறை அணைக்கும் திற்பரப்பு அருவிக்கும் போகிறவர்கள் ஒரு சாயா குடித்துவிட்டுக் கடந்துபோகும் ரப்பர் ஊர் இது. விடியுமுன் நெற்றிவிளக்கு கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்களின் ஊர். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி என்பதால் பெட்டிக்கடைக் கயிற்றில் தமிழ் வாரப் பத்திரிகைகளும் மலையாளப் பத்திரிகைகளும் ஒன்றாகத் தொங்கும். இதனால் எங்கள் பக்கத்துச் சிறுவர்களுக்கு இரண்டு மாயாவிகள் வாய்த்தார்கள். ஒருவர் சிவகாசி வழியாக வந்த இரும்புக்கைக்காரர். மற்றவர் 1984 முதல் ‘பாலரம’ இதழில் வரும் குட்டிச்சாத்தான் மாயாவி. ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் ஓடிவருவார், டாகினியும் குட்டூசனும் லுட்டாப்பியும் வலை விரிப்பார்கள். ஒன்று மின்சாரத்தால் மறைவது, மற்றது மந்திரத்தால் மறைவது. வகுப்பில் இரண்டு கட்சி இருந்தது. ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்து விற்றால் கிடைக்கும் சில்லறை, எந்தக் கட்சிக்காரனுக்கும் அந்த மாதத்து இதழுக்குப் போதும்.

1984 ஜூலை தமிழ்ப் படக்கதைக்கு முக்கியமான மாதம். சிவகாசியில் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். தந்தை சௌந்தரபாண்டியன் நடத்திய முத்துவுக்கு ஒரு தங்கை. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. அதற்குப் பிறகான சில ஆண்டுகளில் குலசேகரம் பேருந்து நிலையக் கடைகளில் ஒரு சிறுவன் சந்திக்கக் கிடைத்த அறிவியல் நாயகர்கள்: மறையும் மனிதன், குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், காலத்தில் பயணிக்கும் கோட்டையில் ஏறி அலையும் சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதன். ஆர்ச்சி 1952-இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழின் முதல் எண்ணில் பிறந்தவன். சிவகாசி லயனுக்கும் அதே பெயர்தான்.

இந்தக் கதைகளுக்கு நடுவே தமிழில் பேசிய ஒரே ஆள் ஆசிரியர் விஜயன். ‘ஹாட்லைன்’ என்ற பக்கத்தில் அடுத்த மாதம் என்ன வருகிறது, ஏன் தாமதம், எந்தக் கதைக்கு எவ்வளவு வசவு வந்தது என்று வாசகரோடு நேருக்கு நேர் பேசுவார். கடிதப் பகுதியில் வாசகர் பெயரும் ஊரும் வரும். கெர்ன்ஸ்பேக்கின் உத்தி எப்படியோ சிவகாசிக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் விளைவு வேறு மாதிரி இருந்தது. நியூயார்க்கில் ஒரே நகருக்குள் நூறு வாசகர்கள் இருந்ததால் சங்கம் பிறந்தது. இங்கே வாசகர்கள் சிதறிக் கிடந்தார்கள். ஊருக்கு ஒருவர், இருவர். கரூரில் ஒருவர், ஆரணியில் ஒருவர், குலசேகரத்தில் ஒருவர். ஒருவர் பெயரை மற்றவர் அச்சில் பார்த்திருப்பார், முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். எல்லாக் கடிதங்களும் போய்ச் சேர்ந்த இடம் சிவகாசி ஒன்றே. கதையை எழுதியவர் வேறு தேசத்தில் பெயரற்றுக் கிடக்க, தமிழ் வாசகனின் கற்பனையில் ‘அந்த உலகத்தை உண்டாக்குகிறவர்’ என்ற நாற்காலியில் ஆசிரியர் உட்கார்ந்தார். அவர் பிடுங்கிக்கொண்ட நாற்காலி என்று சொல்ல முடியாது. காலியாகக் கிடந்தது.

பெயர் தெரிந்த அறிவியல் எழுத்தாளர் ஒருவர் எங்களுக்கு மிக அருகில் இருந்தார் என்பதை வரைபடத்தில் அளந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். குலசேகரத்திலிருந்து நேர்கோட்டில் ஈரோடு சுமார் 330 கிலோமீட்டர். கொழும்பும் ஏறக்குறைய அதே தூரம். சென்னை அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆர்தர் சி. கிளார்க், குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச்சில் மறையும்வரை அங்கேயே இருந்தார். 1937-இல் லீட்ஸ் கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த இருபது பேரில் ஒருவர் அவர். உலகின் முதல் அறிவியல் புனைகதை மாநாடு என்று பலரும் சொல்லும் அந்தக் கூட்டத்துக்குப் போன ஒருவர் மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார். ஆங்கிலம், பாஸ்போர்ட், கடல் என்று மூன்றும் குறுக்கே கிடந்தன. நேர்கோடு காக்கைக்குத்தான் உதவும்.

கிளார்க் மறைவதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா மறைந்தார். தமிழில் அறிவியல் கதைக்காகவே வாசகர்கள் கையொப்பம் கேட்ட முதல் எழுத்தாளர் அவராகத்தான் இருக்கவேண்டும். ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. கடைசி ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சியில் அவரைச் சுற்றி நின்ற கூட்டம் தெரிந்ததே. ஆனால் அது சென்னை. ஜனவரியில் குலசேகரத்திலிருந்து சென்னைக்குப் போய்வர இரண்டு இரவுப் பயணமும் ஒரு லாட்ஜ் செலவும் ஆகும். தென்கோடி வாசகருக்கு சுஜாதா, வாரப் பத்திரிகையில் ஒரு புகைப்படமாகவே இருந்துவிட்டார்.

திருவரம்பில் வளர்ந்த ஜெயமோகனோ எங்கள் வட்டாரத்து ஆள். அவருடைய ‘விசும்பு’ தொகுப்பு தமிழ் அறிவியல் புனைகதையை வேறு பக்கம் திருப்பப் பார்த்தது. ‘ஐந்தாவது மருந்து’ போன்ற கதைகளில் ராக்கெட்டும் ரோபோவும் இல்லை, சித்த மருத்துவம் போன்ற உள்ளூர் அறிவு மரபுகளோடு நவீன அறிவியல் மோதுகிறது. 2019-இல் ‘அரூ’ இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு அவரே நடுவர். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் கோவையில் டிசம்பரில் நடத்திவரும் விழாவில் கையொப்ப வரிசைகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் இலக்கிய வாசகர்கள். அறிவியல் கதை அந்தப் பெரும்பரப்பின் ஒரு மூலை. ‘விசும்பு’வை நீட்டுகிறவர் உண்டு, அவருடைய ‘விஷ்ணுபுரம்’ நாவலை நீட்டுகிறவரோடு ஒப்பிட்டால் சொற்பம்.

பெயரில் ‘அறிவியல் புனைகதை’ என்றே சொல்லிக்கொள்ளும் கூட்டங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் 1998-இல் வேலூரில்தான் தொடங்கியது. அதன் மாநாடுகள் பெரும்பாலும் கல்லூரி வளாகங்களில், ஆங்கிலத் துறைகளின் அரவணைப்பில் நடந்தன. இத்தகைய கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பு உண்டு, மதிய உணவு உண்டு, மாலையில் சான்றிதழ் உண்டு. பேராசிரியர் பதவி உயர்வுக்கு அது உதவும். அங்கேயும் எல்லோரும் ஒரு கையொப்பத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள், சான்றிதழின் கீழே இருக்கும் முதல்வரின் கையொப்பத்துக்காக. கேலிக்குச் சொல்லவில்லை. கருத்தரங்குகள் செய்த வேலை பெரிது. ஆனால் ஒட்டுப்பால் காசில் ஆர்ச்சி வாங்கிய ஆளுக்கு அங்கே இடமில்லை. அவர் எந்தத் தலைப்பில் கட்டுரை வாசிப்பார்?

ஈரோடு அந்த ஆளுக்காக உண்டானது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் தொடக்கத்தில் பன்னிரண்டு நாள் நடத்தும் புத்தகத் திருவிழா, மாநிலத்தின் பெரிய புத்தகக் காட்சிகளில் ஒன்று. முன்பு வ.உ.சி. பூங்கா மைதானத்திலும் பிறகு சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானத்திலும் கூடிற்று. நடுவில் சில ஆண்டுகள் தட்டுத்தடுமாறிய லயன்-முத்து, 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ என்ற இதழோடு வழுவழுப்பான தாளில் வண்ணத்தில் திரும்பிவந்தது. விற்பனையும் கடையை விட்டு சந்தாவுக்கும் புத்தகக் காட்சிக்கும் நகர்ந்தது. பெட்டிக்கடைக் கயிறு அறுந்ததும் வாசகர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கொங்கு மண்டலத்தில் வாசகர்கள் அதிகம், எந்தத் திசையிலிருந்தும் ரயில் உண்டு. ஈரோடு இயல்பாகவே அமைந்தது.

குலசேகரத்துக்காரர் எப்படிப் போவார்? வெள்ளிக்கிழமை மாலை திருவட்டாறு, தக்கலை வழியாகப் பேருந்தில் நாகர்கோவில். இரவு கோயம்புத்தூர் ரயில். அது மதுரை, திண்டுக்கல், கரூர் சுற்றி அதிகாலையில் ஈரோட்டில் இறக்கிவிடும். ஆகஸ்ட் எங்கள் பக்கம் இன்னும் மழை ஓயாத மாதம், பால்வெட்டு பல நாள் முடங்கிக் கிடக்கும். ஆக, ரப்பர்க்காரர் ஊரை விட்டு நகரத் தோதான காலம்தான். “படக்கதை வாங்கவா மக்கா ஈரோடு வரைக்கும் போற?” என்ற வீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. ஐம்பது வயதில் அந்தக் கேள்வியைக் கேட்பது அம்மாவாக இருந்தால் என்ன, மகளாக இருந்தால் என்ன.

பையில் என்ன எடுத்துப் போவது என்பது தனி சாஸ்திரம். எண்பதுகளின் இதழ்கள் நியூஸ்பிரிண்ட் தாள். எங்கள் ஊர் ஈரத்தில் நாற்பது வருடம் தாக்குப்பிடித்த பிரதி என்றால், பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் தப்பியது என்று பொருள். பெரும்பாலானவை தப்பவில்லை. தப்பிய இதழில் ஜெல் பேனாவால் ஒப்பமிட்டால் மை ஊறிப் பின்பக்கத்து ஸ்பைடரின் முகத்தில் தெரியும். அதற்குப் பால்பாயிண்ட். 2012-க்குப் பிந்தைய வழவழப்பான தாளில் பால்பாயிண்ட் வழுக்கும், ஜெல் இழுபடும், மூடிவைத்தால் எதிர்ப்பக்கத்தில் பதியும். அதற்கு அழியாத மார்க்கர். ஆக, தேர்ந்த ஆளின் சட்டைப்பையில் குறைந்தது இரண்டு பேனா இருக்கும். எங்கே ஒப்பமிடுவது என்பதிலும் கட்சி உண்டு. அட்டையில் போட்டால் பார்வைக்கு அழகு, ஆனால் புத்தகத்தின் விலை ஏறுமா இறங்குமா என்று சேகரிப்பாளர்கள் வாதிடுவார்கள். உள்ளே ஹாட்லைன் பக்கத்தில், ஆசிரியரின் சொந்த வார்த்தைகளுக்குக் கீழே வாங்குவதுதான் முறை என்பது என் கட்சி. அந்தப் பக்கம் மட்டும்தான் உண்மையில் அவர் எழுதியது.

சந்திப்பில் ஒரு சிறப்பிதழ் வெளியாகும். அன்றைக்கே கையில் கிடைக்கும் என்பது வந்தவர்களுக்குப் பெருமை. ஆசிரியர் வரப்போகும் கதைகளைச் சொல்வார், வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். ஸ்பைடரை மறுபதிப்பாகப் போடுங்கள் என்பவருக்கும், போதும் சாமி, புதிதாக ஏதாவது கொண்டுவாருங்கள் என்பவருக்கும் இடையே வருடாவருடம் அதே தகராறு. பிறகு வரிசை. நாள் முடிவில் கணக்குப் பார்த்தால் ஒரே ஒருவரின் கையொப்பம்தான் சேர்ந்திருக்கும். மேலைநாட்டு மாநாட்டு ரசிகர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பெயர்களைச் சேர்த்துவிடுவார். ஆனால் ஈரோட்டு வரிசையில் இன்னொன்று நடக்கிறது. முன்னால் நிற்பவர் பெயரைச் சொல்லும்போது பின்னால் நிற்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். கடிதப் பகுதியில் முப்பது வருடமாகப் படித்த பெயர். நீங்கள்தானா அது என்ற கேள்வியோடு வரிசை உடைந்து, டீக்கடைக்கு நகர்கிறது. கெர்ன்ஸ்பேக் முகவரிகளை அச்சிட்டதிலிருந்து லீட்ஸ் கூடம் வரை சுமார் பத்து வருடம். இங்கே லயனின் முதல் கடிதப் பக்கத்திலிருந்து இந்தச் சந்திப்புகள் வரை கால் நூற்றாண்டுக்கு மேல்.

காசு விஷயத்தையும் பேசிவிட வேண்டும். 1972 ஜனவரி 21 முதல் 23 வரை, அதாவது சிவகாசியில் முதல் மாயாவி வந்த அதே மாதம், நியூயார்க்கில் ஸ்டார் ட்ரெக் ரசிகர் மாநாடு நடந்தது. சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். எழுத்தாளரை விட நடிகருக்கு வரிசை நீளம் என்ற காலம் அங்கிருந்து வளர்ந்தது. இன்று அமெரிக்காவின் பெரிய மாநாடுகளில் நடிகரின் ஒப்பத்துக்குத் தனி விலை, சேர்ந்து படமெடுக்கத் தனி விலை, நேரம் குறித்த சீட்டு. 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்த காமிக் கான் அந்த மரபின் கிளை. நுழைவுச் சீட்டு, வேடமிட்ட இளைஞர்கள், பொம்மைக் கடைகள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கையொப்பத்துக்குக் காசு வாங்குவது நமக்குப் புதிதும் இல்லை. காந்தி ஒரு கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் வசூலித்து அரிஜன நிதியில் சேர்த்தார். ஈரோட்டில் ஒப்பம் இலவசம், புத்தகத்துக்குத்தான் விலை. சொற்பப் பிரதிகளை நம்பிப் படக்கதை ஓடும் ஒரு மொழியில் அந்த வரிசையில் நிற்பவர்தான் பத்திரிகையின் முதலீடு. அவரிடம் ஒப்பத்துக்கும் காசு கேட்டால் கடை மூடவேண்டியதுதான்.

இந்த நிலை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் வார இதழ்களின் உரிமைகளை 2016-லும் 2018-லும் ‘ரெபெலியன்’ நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு மாயாவியின் மூலக்கதைகள் புல்மர், டுல்லி, பிளாஸ்கோ பெயர்களோடு நூல்வடிவில் வந்தன. பிளாஸ்கோ 1995-லும் புல்மர் 2005-லும் போய்விட்டார்கள். அந்த நூல்கள் வந்தபோது ஒப்பமிட அவர்கள் இல்லை. லயன்-முத்துவிலும் இப்போது படைப்பாளிகளின் பெயர்கள் தெளிவாக அச்சாகின்றன. விண்ணிலிருந்து வந்த குழந்தையான ‘தோர்கல்’ கதையைப் படிக்கும் குலசேகரத்து வாசகருக்கு, எழுதியவர் வான் ஹாம், வரைந்தவர் ரோசின்ஸ்கி என்று தெரியும். பிரான்சின் அங்கூலேம் விழாவில் அத்தகைய ஓவியர்கள் உட்கார்ந்து, வாசகர் நீட்டும் புத்தகத்தில் ஒரு சின்னப் படமே வரைந்து கொடுக்கிறார்கள் என்றும் தெரியும். தெரிந்தபிறகும் ஈரோட்டில் அவர் வரிசை ஆசிரியர் முன்னால்தான் நிற்கிறது. நாற்பது வருடமாகத் தமிழில் தன்னோடு பேசியவர் அவர்தானே.

என் குறை வேறொன்று. வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைந்த படக்கதைகளில் இருவர் பெயரும் இருந்தன. சொந்தமாகத் தமிழில் எழுதி, தமிழ்நாட்டில் வரைந்து, பெயரோடு வந்தவை. அறிவியல் படக்கதையில் அந்த மரபு தழைக்கவில்லை. கோதையாற்று மின்நிலையத்தில் மின்சாரம் பாய்ந்து ஒருவன் மறைந்துபோகிற கதையை யாராவது எழுதி, கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து இருட்டை பிளாஸ்கோவைப் போல யாராவது வரைந்திருந்தால், ஈரோட்டில் ஆசிரியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பமிட்டுக்கொண்டிருப்பார்கள். சிவகாசியில் அச்சகம் இருக்கிறது, ஈரோட்டில் வாசகர் இருக்கிறார்கள். கதையும் கோடும் மட்டும் இன்னும் பெல்ஜியத்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகின்றன.